சிகை அலங்காரம்: ஹெய்டி

இரண்டாவது சீப்பும் உடைந்தது.

ஹெய்டி சிரித்துக்கொண்டே உடைந்த பற்களை என் முடிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இப்படி ஒரு முடியைத் தன் வாழ்நாளில் தொட்டதே இல்லை என்றாள். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள்.

மணி ஆறு இருபது. ஏழரைக்கு முதல் ஷாட். தேவாலயப் பாடகியாக நான் தனியாக நின்று பாட வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் கறுப்பர் முடியைத் தெரிந்த ஒருத்தி வேண்டும். ஆள் இருக்கிறாள், கவலையை விடுங்கள் என்று மூன்று முறை சொன்னார்கள்.

அந்த ஆள் இவள்தான்.

அட்லாண்டாவில் தடுக்கி விழுந்தால் எங்கள் முடி தெரிந்த ஒருத்தியின் மேல்தான் விழ வேண்டும். தெருவுக்கு மூன்று கடை. ஆனால் அவர்கள் யாரிடமும் சினிமா யூனியன் அட்டை கிடையாது. அட்டை வைத்திருப்பவர்களுக்கு எங்கள் முடி தெரியாது. ஒன்பது படங்களாக எனக்கு இதே கதை. ஒன்றில் நெற்றியோர முடி கருகிப்போனது. இன்னொன்றில், என்ன செய்வது என்று தெரியாமல், கடைசிவரை தொப்பி போட்டே நடிக்க வைத்தார்கள். அதில் நான் நீதிபதி.

ஹெய்டி காய்ந்த முடியின் மேல் இரண்டு முறை தண்ணீர் பீச்சினாள். பிறகு வேரிலிருந்து நுனிக்குச் சீப்பை இழுத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நுனியிலிருந்து மேலே போய்த்தான் சிக்கெடுக்க வேண்டும். எங்கள் வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் திறந்தவளுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

இதே வேடத்தில் எனக்கு முன்னால் வேறொருத்தி இருந்தாள். இரண்டே நாள். இதே நாற்காலியில் உட்கார்ந்து, வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டாளாம். வம்புக்காரி என்று பெயர் வாங்கினாள். மூன்றாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது. நர்ஸாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வந்து போய்க்கொண்டிருந்த எனக்கு முதல் தடவையாகக் கதாநாயகி வேடம். அதை ஒரு சீப்புக்காக இழக்க நான் தயாராக இல்லை.

ஹெய்டி ஸ்ட்ரெயிட்னரைச் செருகிச் சூடேற்றினாள்.

"கொஞ்சம் நேராக்கிட்டா நமக்கு வேலை சுலபம், இல்ல?"

நமக்காம்.

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து என் கேரவனுக்கு ஓடினேன்.

பையில் எல்லாம் இருந்தது. அகலப் பல் சீப்பு, எண்ணெய், முடிக்குத் தடவும் ஷியா வெண்ணெய், கொண்டை ஊசிகள். எங்களில் எவளும் இந்தப் பை இல்லாமல் படப்பிடிப்புக்குப் போவதில்லை. கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால், முழங்கை சுவரில் இடிக்க இடிக்க, நனைத்துச் சிக்கெடுத்தேன். இரண்டிரண்டு இழையாக முறுக்கினேன். உச்சியில் வளையமாகச் சுற்றி ஊசி குத்தினேன். வேண்டிய அளவு கோபம் இருந்ததால் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

திரும்பி வந்தபோது டைரக்டர் காபிக் கோப்பையோடு ஹெய்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். என்னை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல். பிரமாதம் என்று ஹெய்டியின் தோளில் தட்டினார்.

ஹெய்டி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவங்க அசையாம உட்கார்ந்து குடுத்தாங்க. பாதி வேலை அதுதான்."

அடுத்த நாளும் அதே மாதிரி வர வேண்டும் என்பதற்காக என் தலையை நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொண்டாள். படங்களுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ஆனால் சிரித்தேன். வேடம் கையைவிட்டுப் போகவில்லை.

டைரக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பத்து மணிக்கு எனக்குப் பின்னால் நின்று பாடப்போகிற பன்னிரண்டு பெண்களுக்கும் இதே அலங்காரம்தான், எல்லோரையும் ஹெய்டியிடம் அனுப்புங்கள் என்று உதவியாளரிடம் சொன்னார். பிறகு என்னோடு ஷாட்டுக்கு நடந்து வந்தார்.

அந்தப் பன்னிரண்டு பேரும் அதற்குள் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் எங்கள் பெண்கள். வழக்கமாக இந்த வரிசையில் ஒரு சத்தமும் இருக்காது. வீட்டிலேயே தலையை முடித்து, மேலே துணியைக் கட்டிக்கொண்டு, யாராவது தொட்டுவிடுவார்களோ என்று விறைப்பாக நிற்பார்கள். இன்று சிரிப்பும் பேச்சுமாக இருந்தது.

முதலில் நின்றது எர்னஸ்டீன் அக்கா. இருபது வருடமாகத் துணை நடிகை. இதுவரை எந்தப் படத்திலும் யாரையும் தன் தலையில் கை வைக்க விட்டதில்லை. என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ரொஷெல், கண்ணு, ஒருவழியா நம்ம முடி தெரிஞ்சவளைப் பிடிச்சுட்டாங்கடி. உதவியாளர் காட்டின படத்துல உன் தலையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு நம்பிக்கையே வந்துச்சு."

சொல்லிக்கொண்டே, வீட்டிலிருந்து பின்னிக்கொண்டு வந்த பின்னல்களில் ஒன்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பதினோரு பேரின் விரல்களும் அதே வேலையில் இருந்தன.

உள்ளே ஹெய்டி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் எனக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தார்.

"அவிழ்க்காதீங்க அக்கா," என்றேன், அவருக்கும் கேட்கும்படியாக. "இது நானே போட்டுக்கிட்டது."