ஆஸ்டின் காருக்கு வந்த ஆள்

முப்பதாவது நூறு ரூபாய் நோட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சிங்க முகம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார் சேனாதிபதி. தெரிந்தது. நோட்டைக் கட்டோடு சேர்த்து மேஜைமேல் வைத்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவனின் மொட்டைத் தலைதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"பழனி மொட்டையோ?"

"செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுத்தான் மலை ஏறுனேன்" என்றான் வந்தவன்.

பழனி மொட்டை என்றால் தலையில் சந்தனம் மணக்க வேண்டாமா? இவனிடம் சந்தனத்தையும் காணோம், மீசையையும் காணோம். முகத்தை மாற்றிக்கொண்டு திரிகிற களவாணிப் பயலோ என்னமோ!

காரும் போய்ப் பணமும் போனால் சேனாதிபதியின் பாடு கந்தல்தான். பக்கத்து மலைக் கிராமமான பள்ளங்கியில் ஒன்றரை ஏக்கர் உருளைக்கிழங்குக் காட்டுக்கு நாளைக் காலையில் பத்திரம். மூவாயிரம் ரூபாயோடு போய் நிற்காவிட்டால் காடு வேறு ஆளுக்குப் போய்விடும். நாற்பத்தெட்டு வயதில் சொந்தமாக ஒரு பிடி மண் வாய்க்க இதை விட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது.

அதனால்தான் இத்தனை முன்னேற்பாடு. செக் தருகிறேன் என்று வந்த ஒருவனைப் போன வாரமே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். காரின் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. சாவி இடுப்பில். சாட்சிக்கு முக்குக் கடை செல்லப்பாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

"வண்டியை ஏரி வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"ரூபா கைக்கு வராம சக்கரம் உருளாது தம்பி."

"அதுவும் சரிதான்" என்றான். பேரமும் பேசவில்லை. பழைய ஆஸ்டினுக்குக் கேட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறவன் உலகத்தில் உண்டா?

அவன் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினான். "இதுல திருமலைச்சாமின்னு இருக்குதுங்களே?"

"இந்த பங்களா முதலாளி. மதுரைக்காரரு. பதினோரு வருஷமா நான்தான் இங்க வாட்ச்மேன். அவரு நாலு வருஷமாப் படுத்த படுக்கை. மகன் ஒருத்தன் கல்கத்தாவுல சோலி பாக்குறான், அவன் இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல. கார் சும்மாதானே கெடக்குன்னு எனக்கே வித்துட்டாரு. இந்தா, கையெழுத்துப் போட்ட கடுதாசி!"

கடிதத்தை எட்ட நின்று ஆட்டிக் காட்டிவிட்டு, மறுபடி சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். வந்தவனும் நோட்டுக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"முதல்ல ரூபா" என்றார் இவர்.

"முதல்ல ரசீது" என்றான் அவன்.

செல்லப்பாண்டிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் இப்படி மொறச்சுக்கிட்டிருந்தா பொழுது போயிரும்! ரூபாய என் கையில குடுங்க. தாளு அவரு கைக்குப் போனதும் ரூபா உம்ம கைக்கு வரும். வெரசா முடிங்கப்பா, கடையில பால் அடுப்புல கெடக்கு."

பணம் செல்லப்பாண்டியின் கைக்கு மாறியது. சேனாதிபதி பேனாவைத் திறந்தார். "எல்லாம் எழுத்துல இருக்கணும் தம்பி. நாளைக்கு யாரும் பேச்சை மாத்திரக் கூடாது பாருங்க."

"நானும் அதைத்தான் சொல்றேன். கார் உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னும் எழுதிருங்க. யாராச்சும் கேட்டா நான் காட்டணும்ல? வாங்குறவங்க பேருக்கு மட்டும் இடம் விடுங்க, அம்மாவைக் கேட்டு எழுதிக்கிறேன்."

பேரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறானே! சொல்லாவிட்டால் போகிறான். நோட்டெல்லாம் நல்ல நோட்டு, அது போதும். சேனாதிபதி மளமளவென்று எழுதினார். 'மேற்படி காரை அதன் உடைமையாளர் திருமலைச்சாமி அவர்கள், சென்ற வெள்ளிக்கிழமை மதுரையில் தம் வீட்டில் என் கண்முன் கையெழுத்திட்டு எனக்கு விற்றார்கள்.' ஸ்டாம்பை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டார். செல்லப்பாண்டியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

வந்தவன் தாளை வாங்கி ஒரு முறை நிதானமாகப் படித்தான். மை காய ஊதி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். செல்லப்பாண்டி ரூபாயை நீட்டினான். சேனாதிபதி இரண்டு கையையும் ஏந்தினார்.

நோட்டுக் கட்டை நடுவழியிலேயே பிடித்து நிறுத்தினான் அவன்.

"எங்கப்பா திருமலைச்சாமி தவறிப்போயி இன்னையோட பதினேழு நாளாச்சுங்க."