எங்கட கூரையில

"எங்கட ஊர் வெயிலுக்குச் சுடுதண்ணி ஆருக்கெண்டு சனம் சிரிக்குது தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் சுலோஜனா அக்கா வந்தாறுமூலைக் கண்காட்சியில் துசாந்தனின் சோலார் ஹீட்டர்க் கடை வாசலில் வந்து நின்றார். நீண்ட பஸ் பயணத்தில் சேலை கசங்கியிருந்தது.

துசாந்தன் எப்போதும் சொல்வதையே சொன்னான். "மாரி மழையில வயசான ஆக்கள் என்ன செய்யிறது அக்கா? என்ட அம்மாக்கு வாதம். முதல் சோலார் ஹீட்டரை எங்கட கூரையிலதான் பூட்டினன். விறகும் இல்ல, புகையும் இல்ல. குழாயைத் திறந்தாச் சுடுதண்ணி."

அந்தப் பேச்சுக்கு இளகாதவர் இல்லை. அக்காவின் கண்ணும் கலங்கியது.

"குடுத்துவச்ச தாய். நானும் ரெண்டு வருசமா ஒரு வயசான அம்மாவைக் குளிப்பாட்டுறன். அடுப்பூதி என்ட கண்ணே போச்சு. என்னில இரக்கப்பட்டு, காதுத் தோட்டை வித்து இதை வாங்கிவரச் சொன்னவ. எழுதுங்க."

"விலாசம்?"

"சீனிப்பிள்ளை, கோயிலடி, கதிரவெளி."

துசாந்தனின் பேனா தன் அம்மாவின் பெயரில் நின்றது.

"அவட மகனும் எங்கயோ இதுதான் விக்கிறானாம் தம்பி." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவனிட்டக் கேக்க அவவுக்கு வெக்கமாம்."