வயிற்றில் கேட்டது

“காதுல என்னப்பா கேக்குது?” என்றார் மனநல மருத்துவர்.

“ஒரு பொம்பளை அழறாங்க. ‘கத்தாதடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்’னு அப்பா குரல் சொல்லுது” என்றான் மகன்.

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். மகன் ஏழு மாதக் கருவாக இருந்தபோது, அவளை அடித்துவிட்டு அவர் சொன்னது அது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“சிலருக்கு வயித்துல மூளை உருவாகுறப்பவே இந்த நோய் தொடங்கியிருக்கலாம்” என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதினார்.

மாத்திரையில் மகனுக்கு அந்தக் குரல்கள் கேட்பது நின்றது. நன்றாகத் தூங்கினான்.

ஒரு காலை, பாதி சவரத்தோடு அப்பா குளியலறையிலிருந்து ஓடிவந்தார். “யாருடி அழறது? நிறுத்தச் சொல்லு!” என்று காதைப் பொத்திக்கொண்டு அலறினார்.

வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கத்தாதீங்க” என்றாள். “பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”