வலி இல்லை

"வலி இல்லயாம் மொதலாளி." ஜீவராஜ் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் தளர்ந்தது.

கல்லாவில் இருந்த அலவி முதலாளி, அவனுக்குக் கொடுப்பதற்காகக் கையில் எடுத்த வேன் சாவியைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். "அல்ஹம்துலில்லாஹ். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு கெழம இருக்குத்தானே. மழ விட்டதும் போ."

பதுளையில் மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. மடுல்சீமைப் பக்கம் மண் சரிகிறது என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில்தான், தலைப்பிரசவத்துக்காகத் தாய் இருதயம்மாவிடம் போயிருந்தாள் அவன் மனைவி நிலுக்ஷி. போனில் கூப்பிட்டால் லைன் போகவில்லை. சிக்னல் கிடைக்கும் நேரம் பார்த்து மெசேஜ் மட்டும் போய்ச் சேர்ந்தது.

அவன் இரண்டு சொல்லில் கேட்டிருந்தான். அவளும் இரண்டு சொல்லில் பதில் போட்டிருந்தாள்.

ஜீவராஜ் விலை அட்டை எழுத உட்கார்ந்தான். அரிசி மூட்டைகளில் சொருகியிருந்த அட்டைகள் எல்லாம் அவன் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அச்சில் போட்டதுபோல் இருக்கும்.

"இவ்வளவு வடிவா தமிழ் எழுதுற நீ, போன்ல மட்டும் ஏன் இங்லீஷ் எழுத்துல தமிழ அடிக்கிற?" என்று கேட்டார் அலவி.

"பழகிப்போச்சு மொதலாளி. அவளும் அப்படித்தான். சுருக்கா அடிச்சிரலாம்ல."

அன்று மாலை அவன் அலுமாரியிலிருந்து குழந்தைச் சவர்க்காரம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தான். மழை விட்டதும் கொண்டுபோகலாம் என்று தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கடை பூட்டுகிற நேரத்தில் யாருடைய போனிலிருந்தோ இருதயம்மா பேசினாள். "ஆஸ்பத்திரிக்கு வாங்க தம்பி." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

வார்டில் நிலுக்ஷி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை இல்லை. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"காலையிலயே வலி கண்டுருச்சு தம்பி" என்றாள் இருதயம்மா. "ஒடனே வாங்கன்னு ஒங்களுக்குப் போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்பினா. ரோட்ட மறிச்சு மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. லயத்து ஆளுங்கதான் நாக்காலியில வச்சுத் தூக்கி, மண்ணுக்கு அந்தப் பக்கம் கொண்டாந்து எறக்குனாங்க. மண்ணு சரிஞ்ச எடம் வரைக்குமாவது நீங்க வேனோட வந்துருவீங்கன்னு அங்கயே மழையில ஒக்காந்துகிட்டு இருந்தா. கடைசியில மரக்கறி லொறி ஒண்ணு வந்துச்சு."

"அவ பேசி அனுப்புனது எனக்கு வரவே இல்ல அத்தை." என்றான் ஜீவராஜ். "மனசு கேக்காம நானாத்தான் மெசேஜ் போட்டேன். அதுக்கு மட்டும்தான் பதில் வந்துச்சு."

அவன் போனைத் திறந்து நிலுக்ஷியின் முகத்துக்கு முன்னால் நீட்டினான். கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீயே பாரு புள்ள. வலி இருக்கான்னுதானே கேட்டேன். இல்லன்னு போட்டியே. அத நம்பித்தானே நான் கெளம்பாம நின்னேன். அவ்வளவு வலியில ஏன் அப்படிப் போட்ட?"

நிலுக்ஷி மெல்லத் திரும்பிப் போனை வாங்கினாள். 'vali irukka?', 'vali illa' என்றிருந்த அந்த ஆங்கில எழுத்துகளை ஒருமுறை வாசித்தாள். உதடு அசைய இன்னொருமுறை வாசித்தாள். அவள் கண்கள் நிறைந்தன.

"நீங்க வர்றதுக்கு வழி இருக்கான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேங்க."