உப்பு வண்டிக் குதிரை

சேனாபதி என்ற குதிரை உப்பளத்திலிருந்து சந்தைக்கு உப்பு வண்டி இழுத்துப் போனது. மூக்காயி என்ற வெள்ளாடு, மூட்டையிலிருந்து சிந்திய உப்பை நக்கிக்கொண்டே பின்னால் நடந்தது.

"தரையில கிடக்கிறதை நக்குறியே, வெட்கமா இல்லை?" என்றது சேனாபதி. "நான் சுத்தமான தண்ணியைத் தவிர வேற எதையும் தொடமாட்டேன்."

சித்திரை வெயில் கொளுத்தியது. சேனாபதியின் உடம்பெல்லாம் வியர்வை நுரைத்து வழிந்தது. வழியில் இருந்த தொட்டியில் வயிறு முட்டக் குடித்தது. அடுத்த தொட்டியிலும் குடித்தது. மூன்றாவது தொட்டியைக் காலி செய்துவிட்டு நாலடி வைத்ததும், பின்னங்கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டு நடுரோட்டில் விழுந்தது. வண்டிக்காரர் அதை அவிழ்த்துவிட்டு, ஆள் கூட்டிவர ஓடினார்.

"இவ்வளவு தண்ணி குடிச்சும் இப்படி ஆயிடுச்சே! செத்துடுவேனா, மூக்காயி?"

"வியர்வையோட உடம்பு உப்பெல்லாம் போயிடுச்சு அண்ணே. வெறும் தண்ணியா ஊத்தினா கால் எப்படி நிக்கும்? இந்த உப்பை நக்குங்க."

சேனாபதி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தது. "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

மூக்காயி திரும்பிக்கொண்டது. நக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மெல்லப் பிடிப்பு விட்டு, சேனாபதி எழுந்து நின்றது. ஆட்களோடு திரும்பி வந்த வண்டிக்காரர் அதை மறுபடி வண்டியில் பூட்டினார். அது வழியில் விழுந்த சேதி கேட்டு, சந்தையில் மற்ற குதிரைகள் சூழ்ந்துகொண்டு, எப்படிக் குணமானது என்று விசாரித்தன.

"பெரிய வைத்தியர் ஒருத்தர் நேர்ல வந்து பார்த்தார்," என்றது சேனாபதி.

மூக்காயிக்கு ஒரே ஆச்சரியம்.

"எப்ப வந்தார் அண்ணே? நான் திரும்பி நின்னப்பவா?"