வாச்சருக்குப் பழசு போதும்

"சுடு வீராசாமி, சுடு!"

மலாயாவின் குளுவாங் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சிவக்கொழுந்து அலறினார். வாச்சர் வீராசாமி துப்பாக்கியின் விசையை இழுத்தான். 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது. மரத்தடியில் நின்ற புலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு மெல்லிய கிளை ஆள் பாரத்தில் வளைந்துகொண்டிருந்தது.

"வேற தோட்டாவப் போடுடா!"

"உள்ளயே போவலைங்கய்யா. எல்லாம் பழசு. மழ ஈரத்துல தோட்டாவோட அட்டக்கூடு உப்பிப்போச்சு. ஸ்டோரு ஒழுகுதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"சிங்கப்பூர்லேர்ந்து புதுசு வந்துச்சே!"

"அது தொரை வேட்டைக்குங்க. 'வாச்சருக்குப் பழசு போதும்'னு இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாரு."

"ஓடிப்போயி பெட்டிய ஒடைடா!"

"கோடாலியால போட்டாலும் ஒடையாதுங்க. சாவி வேணும். அது எப்பவும் அவரு இடுப்புலதான் கெடக்கும்."

கிளை படீரென்று விரிசல் விட்டது.

"சாவி! இந்தா, பிடி!"

மரத்தின் மேலிருந்து கதறிய துரை, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிய்த்து வீசினார்.

அது புலியின் முன்னங்காலருகே விழுந்தது.