நாடா கட்டிய குட்டி

ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகளில் செம்பன் கழுத்தில் மட்டும் சிவப்பு நாடா. யாரோ பார்த்துப் பிடித்துப்போய், அவனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"உருண்டு விளையாடலாம், வாடா!" என்று கூப்பிட்டான் தம்பி கருவாலி.

"நான் புக் ஆனவன். மேலெல்லாம் மண் ஒட்டினா, வாங்கினவருக்கு மரியாதையா இருக்குமா?" என்று செம்பன் கோணிமேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். பால் குடிக்கக்கூட முண்டியடிக்கவில்லை. வீடே காத்திருக்கும்போது இந்தச் சண்டையெல்லாம் எதற்கு?

கூட்டிப்போக அவர் வந்த அன்று கருவாலி ஓடிப்போய் அவர் செருப்பைக் கவ்வி இழுத்தான். செம்பன் அசையவில்லை. அட்வான்ஸ் கொடுத்தவர்தானே, அவரே வரட்டும்.

"அண்ணே, இது ஏன் இப்படிச் சுணங்கிக் கிடக்கு? உடம்புக்கு முடியலையா?" என்றார் அவர். "அட்வான்ஸை இந்தத் துறுதுறுப் பயலுக்கு மாத்திக்கலாமா?"

"அதுக்கென்ன, மாத்திட்டாப் போச்சு." குட்டிகளை வளர்ப்பவர் நாடாவை அவிழ்த்துக் கருவாலிக்குக் கட்டினார்.

கார் கிளம்பியது. பக்கத்தில் வந்து ஒண்டிய தங்கையிடம், நிமிர்ந்த தலை குனியாமல் செம்பன் சொன்னான்:

"தள்ளி உட்காரு. எனக்குப் புது நாடா வாங்கத்தான் கடைக்குப் போறாங்க. பை தூக்க ஆள் வேணும்னு கருவாலியைக் கூட்டிட்டுப் போறாங்க."